மூன்றாம் புதன்கிழமை: பிள்ளைகளோடு தும்பா போய் வந்தோம்

நவம்பர் 18, செவ்வாய்: புளியரை தாண்டி

விடியும் முன்பே வேன் கிளம்பிவிட்டது. கடையநல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. ஒன்பதிலிருந்து பிளஸ் ஒன் வரை படிக்கும் பிள்ளைகள், உடற்கல்வி ஆசிரியர், நான். பிள்ளைகளில் பாதிப் பேர் கேரள எல்லையைத் தாண்டியதே இல்லை. போகிற இடம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை அங்கே சிறிய ஆய்வு ராக்கெட் ஒன்றை ஏவுவார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கினால் பொதுமக்களும் பள்ளிப் பிள்ளைகளும் போய்ப் பார்க்கலாம். ஜூன் மாதம் மாறுதலில் இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து இதற்காகத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

செங்கோட்டையில் டீ. மழை தூறிக்கொண்டே இருந்தது. சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி இந்த ஊர்க்காரர், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி டீ கிளாஸைப் பிடித்தபடி தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். “இந்தத் தெருவுலயா டீச்சர்?” என்றாள். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது, இந்த ஊர்தான் என்றேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

கார்த்திகை பிறந்துவிட்டதால் சாலை முழுக்க ஐயப்பமார். ஆரியங்காவில் வேன் ஊர்ந்துதான் போனது. தென்மலைக்கு முன்னால் பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்ததும் எல்லோரும் இறங்கியே ஆக வேண்டும் என்றார்கள். இறங்கி, நனைந்து, ஏறினோம்.

குளத்துப்புழையில் மதியச் சாப்பாடு 80 ரூபாய். கொட்டை அரிசிச் சோறும் மோர்க் கறியும் பிள்ளைகளுக்கு ஒத்துப்போயின. குடிக்க வைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரைத்தான் யாரும் தொடவில்லை. பரிமாறிய அம்மா அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பதிமுகப் பட்டையை ஒரு கை அள்ளிவந்து காட்டினார். “இதான் மக்களே, மருந்து வெள்ளம்” என்று சொல்லித் தானே முதலில் ஒரு டம்ளர் குடித்தார். பிறகு ஜக்கு ஜக்காகக் காலியானது.

திருவனந்தபுரத்தில் இருட்டும் நேரத்தில் சிக்கல் வந்தது. முன்பணம் கட்டி வைத்திருந்த லாட்ஜில் பாதி அறைகளைச் சபரிமலைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மீதியும் வேண்டுமானால் இரட்டை வாடகை என்றார் மேலாளர். வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெட்டிக்கடைச் சேச்சி, பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா என்று என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பக்கத்துச் சந்தில் இருந்த மகளிர் விடுதிக்குக் கூட்டிப்போனார். வார்டனிடம் அவரே பேசினார். ஆளுக்கு 200 ரூபாய், காலையில் புட்டும் கடலையும் சேர்த்து. ஆண் பிள்ளைகள் லாட்ஜில் நெருக்கிப் படுத்தார்கள். சேச்சிக்கு நன்றி சொல்லப் போனபோது கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்.

நவம்பர் 19, புதன்: தும்பா

காலையில் மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் விலகவில்லை. இதில் ராக்கெட் விடுவார்களா என்று பிள்ளைகள் என்னைக் கேட்க, நான் வாசலில் நின்ற பாதுகாப்புக்காரரைக் கேட்க, அவர் சிரித்துவிட்டு அடையாள அட்டைகளை எடுக்கச் சொன்னார். செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் இங்கே போட ஒரு படமும் இல்லை. இன்றைக்குப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள், அது நல்லதாகத்தான் போயிற்று.

முதலில் அருங்காட்சியகம். அது ஒரு மாதா கோயில் கட்டடம்: புனித மரிய மதலேனாள் தேவாலயம். 1960-களின் தொடக்கத்தில், இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் இடம் தேடி வந்தபோது இந்தக் கடற்கரைதான் வேண்டும் என்றார். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு இந்த வழியாகப் போனது. அந்தக் கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் பலமான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது, செயற்கைக்கோள் அவ்வளவு தாழப் பறக்காது. ராக்கெட்டை அனுப்பித்தான் அளக்க வேண்டும். ஆனால் இங்கே மீனவக் குடும்பங்கள் இருந்தன, கோயில் இருந்தது, ஆயர் இல்லமும் இருந்தது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மக்களிடமே கேட்டார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கோயில் ஆய்வுக்கூடமும் பணிமனையும் ஆனது, ஆயர் வீடு அலுவலகமானது.

மதியம் வெளியே டீக்கடையில் இந்தக் கதையை ஒரு வயதான மீனவர் வேறு பக்கத்திலிருந்து சொன்னார். அவருடைய அப்பா வீடு வேலிக்கு உள்ளே இருந்ததாம். “ஞங்ஙள் கொடுத்த நிலமாணு” என்று கையை நீட்டிக் காட்டினார். குரலில் கோபம் இல்லை, உரிமை இருந்தது. பிள்ளைகள் ராக்கெட்டைப் பற்றி என்னென்னவோ எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள்.

உள்ளே எங்களுக்குச் சுற்றிக் காட்டியவர் பொறுமைசாலி. “மாட்டு வண்டியில ராக்கெட் கொண்டுபோனது எங்க சார் இருக்கு?” என்று ஒரு பையன் கேட்டதும் நிறுத்தி விளக்கினார். தும்பாவில் ராக்கெட் பாகம் போனது சைக்கிள் கேரியரில். மாட்டு வண்டியில் போனது 1981-ல், ஆப்பிள் என்ற செயற்கைக்கோள், அதுவும் பெங்களூரில். ஆண்டெனா சோதனைக்குச் சுற்றிலும் உலோகம் இல்லாத மேடை வேண்டியிருந்தது, மர வண்டி தோதாக இருந்தது, அதனால்தான். வசதி இல்லாமல் வண்டி கட்டினார்கள் என்றே இத்தனை நாளும் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

1963 நவம்பர் 21 அன்று இங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அது மேலே போய்ச் சோடியம் ஆவியை விட்டது. அந்திநேரத்தில் வானத்தில் ஆரஞ்சு நிற மேகம் பரவியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 20 அன்று, நம்மவர்களே செய்த ரோகிணி ஆர்.எச்-75 பறந்தது. 75 என்றால் 75 மில்லிமீட்டர் விட்டம். எங்கள் பிள்ளைகள் கைவிரல்களை வளைத்து அளவு பார்த்தார்கள். பக்கத்திலேயே 2023-ல் சந்திரயான்-3-ஐச் சுமந்துபோன எல்.வி.எம்-3 பற்றியும் சொன்னார். அதன் எடை 640 டன்.

முற்பகலில் ஏவுதளத்துக்கு எதிரே பார்வையாளர் இடத்தில் நின்றோம். இன்றைய ராக்கெட் ஆர்.எச்-200. சுமார் மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு அடுக்கு, திட எரிபொருள். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர் உயரம் போய்ச் செம்பு இழைகளைத் தூவும். அவை காற்றில் மிதந்து இறங்குவதை ராடார் பின்தொடரும். அதை வைத்து மேல் வளிமண்டலத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று கணக்கிடுவார்கள். 2022 நவம்பரில் இந்த வகை ராக்கெட் தொடர்ந்து 200-வது முறையாகத் தவறாமல் பறந்தது.

ஒலிபெருக்கியில் எண்ணிக்கை இறங்கியது. ஒரு வெளிச்சம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அது மேகத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்து நெஞ்சில் மோதியது. வெள்ளைப் புகைக் கோடு கொஞ்ச நேரம் நின்று கடல் பக்கம் கலைந்தது.

“அவ்வளவுதானா டீச்சர்?” என்றான் பிளஸ் ஒன் பையன் ஒருவன். அவன் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற ஊழியர் ஒருவர் தமிழ்தான், மார்த்தாண்டத்துக்காரர். அவனைத் தோளில் தட்டி, “தம்பி, நீ பாத்தது சில விநாடி. நான் பாத்தது மாசக்கணக்கு” என்றார். அவர் பொறியாளர் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு டெக்னீஷியனாகச் சேர்ந்தவர். ஒரு திருகு எத்தனை இறுக்கம் இருக்க வேண்டும், அதை யார் இறுக்குவது, யார் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, பிறகு இன்னொருவர் வந்து மறுபடி எப்படிச் சரிபார்ப்பார் என்று கையை முறுக்கி முறுக்கிக் காட்டினார். திட எரிபொருள் வார்க்கும்போது உள்ளே சின்ன விரிசலோ காற்றுக் குமிழோ இருந்துவிட்டால் தீ அந்த இடைவெளிக்குள்ளும் பாயும், அழுத்தம் எகிறும், மோட்டார் வெடிக்கும், அதனால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம் என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். ராக்கெட்டை மறந்துவிட்டார்கள்.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான். பள்ளிக்கு வந்து பேசுகிறவர்கள் எல்லோரும் “விஞ்ஞானி ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ராக்கெட்டுக்கு வெல்டிங் வைப்பவர், கடைசல் போடுபவர், மின்சுற்று கோர்ப்பவர், ரசாயனம் கலக்குபவர் எல்லோரும் வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. முடித்தவருக்கு டெக்னீஷியன் பணி, முதல் வகுப்பில் டிப்ளமோ முடித்தவருக்குத் தொழில்நுட்ப உதவியாளர் பணி என்று இஸ்ரோ மையங்கள் தனித்தனியாக விளம்பரம் தருகின்றன. அந்த விளம்பரம் எங்கள் ஊர் வரை வருவதில்லை.

கிளம்பும்போது வழிகாட்டி, “ஒன்பதாம் கிளாஸ் யாரெல்லாம்?” என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. யுவிகா பற்றிச் சொன்னார். 2019-ல் தொடங்கிய இஸ்ரோவின் இளம் விஞ்ஞானிப் பயிற்சி, கோடை விடுமுறையில் இரண்டு வாரம், தும்பா உட்பட இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் படிக்கலாம். தங்குமிடம், சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் அவர்கள் செலவு. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடை, ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படித்தால் அதற்குத் தனியாகக் கூடுதல் மதிப்பெண். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள், என் பக்கம் திரும்பி, “எங்களுக்கு யாருமே சொல்லல டீச்சர்” என்றாள். அழவில்லை. வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு இன்றிரவு வரை அந்தக் கோபம் ஆறவில்லை. கிராமத்துப் பிள்ளைக்குச் சலுகை மதிப்பெண் தருகிற திட்டம், கிராமத்துப் பிள்ளையின் காதுக்கு ஒரு வருடம் தாமதமாக வருகிறது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் ஒரு நாள் வரும், அவ்வளவுதான். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புவது அத்தனை கடினமா?

இரவு கப்பையும் மீன் குழம்பும், ஒரு தட்டு 130. காரம் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

நவம்பர் 20, வியாழன்: வலியமலை

காலையில் பிரியதர்சினி கோளரங்கம். நன்றாக இருந்தது. களைப்பில் இருட்டு அரங்கத்துக்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை.

பிறகு நெடுமங்காடு வழியே வலியமலை. திரவ உந்துவிசை மையமும், 2007-ல் தொடங்கிய விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யும் இங்கேதான். உள்ளே போவது எங்கள் திட்டத்தில் இல்லை. அங்கே விண்ணூர்திப் பொறியியல் படிக்கும் அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன், தெரிந்தவர் மூலம் ஏற்பாடாகி, எங்களைப் பார்க்க வெளியே டீக்கடைக்கு வந்தான். மழை கொட்டியது. தகர ஓட்டின் கீழே எல்லோரும் ஒண்டிக்கொண்டு சுடச்சுடப் பழம்பொரி தின்றோம், ஒன்று 12 ரூபாய். அவன் ஒரு மணி நேரம் பேசினான். கடைக்காரர் பெஞ்சை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வியாபாரம் பார்த்தார்.

அவன் எதையும் மறைக்கவில்லை. அங்கே சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதித் தேற வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழிப் பிள்ளைகள் இதைக் கேட்டுத் தரையைப் பார்த்தார்கள். அவன் விடவில்லை. “இது ஒரு வழி. இது ஒண்ணுதான் வழின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க” என்றான். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் இருக்கிறது, அதற்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் நம் மாநிலக் கலந்தாய்வு போதும், அப்துல் கலாம் படித்தது அங்கேதான் என்றான்.

நான் என் பங்குக்குச் சொன்னேன். இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள மையத்துக்கு இயக்குநராக இருந்துவிட்டு 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன், குமரி மாவட்டத்து மேலகாட்டுவிளைக்காரர். முதலில் படித்தது இயந்திரவியல் டிப்ளமோ. வேலை பார்த்துக்கொண்டே மேலே மேலே படித்து, ஐ.ஐ.டி. கரக்பூரில் முனைவர் பட்டம் வரை போனார். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேலும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். நேற்று வாடிப்போன பிளஸ் ஒன் பையன், “அப்போ நான் வேல பாத்துக்கிட்டே படிக்கலாமா?” என்று கேட்டான். அவன் வீட்டில் அப்பா இல்லை. அவன் எதை மனதில் வைத்துக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். படிக்கலாம் என்றேன்.

நாகர்கோவில் வந்து சேர இரவாகிவிட்டது. இங்கே எஸ்.டி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்த சரக்கல்விளைப் பையன்தான் பின்னாளில் இஸ்ரோ தலைவரான கே. சிவன். அதைச் சொல்லக் கேட்கப் பிள்ளைகளிடம் தெம்பில்லை. ரசவடையும் தோசையும் தின்று படுத்துவிட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி: குலசேகரபட்டினம்

ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் பாதி நின்றிருந்தன, இது சீசன் இல்லை. காவல்கிணறு வரும்போது இடது பக்கம் மகேந்திரகிரி மேகத்துக்குள் இருந்தது. அந்த மலையடிவாரத்தில்தான் ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இயந்திரங்களையும், மிகக் குளிரவைத்துத் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் இயந்திரங்களையும் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அந்த வாரத்தையொட்டி மகேந்திரகிரி மையம் தென்மாவட்டங்களில் கண்காட்சியும் போட்டியும் நடத்துவது வழக்கம். அடுத்த அக்டோபருக்கு இப்போதே குறித்துவைத்துக்கொண்டேன்.

ராதாபுரம், திசையன்விளை, உடன்குடி. உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி. கடைக்காரர் கிலோ 400 சொன்னார். பிள்ளைகள் கையில் மிச்சமிருந்த காசைச் சேர்த்து அம்மாவுக்கென்று கால் கிலோ, அரைக் கிலோ வாங்கினார்கள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டவர், சொன்னதும் ஆளுக்கொரு துண்டு புட்டுக் கருப்பட்டி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

குலசேகரபட்டினத்தில் வரப்போகும் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இப்போதைக்கு வெளியே நின்று வேலியையும் தேரிமணலையும் பார்க்கலாம், அவ்வளவே. ஏன் இங்கே என்று கடற்கரையில் குச்சியால் படம் போட்டேன். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவப் பக்கம் நேராக விட்டால் வழியில் இலங்கை. அதனால் ராக்கெட் முதலில் கிழக்கே விலகிப் போய்ப் பிறகு வளைந்து திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். 500 கிலோ சுமக்கும் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த வளைவிலேயே எரிபொருள் தீரும், சுமை குறையும். இங்கிருந்து தெற்கே வெறும் கடல். ஒரு அலை வந்து இலங்கையை அழித்துவிட்டுப் போனது, மறுபடி வரைந்தேன்.

அதே எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில், 2022 ஆகஸ்ட் 7 அன்று, ஆசாதிசாட் என்ற செயற்கைக்கோள் போனது. நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் அதற்கு மென்பொருள் எழுதினார்கள். ஒருங்கிணைத்தது சென்னை ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா. மதுரை திருமங்கலம் அரசுப் பள்ளிப் பெண்களும் அதில் உண்டு. ராக்கெட் அதை வட்டப் பாதையில் விடாமல், 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்துபோகும் நீள்வட்டத்தில் விட்டுவிட்டது. செயற்கைக்கோள் நிலைக்கவில்லை.

“அப்புறம் அந்தப் பிள்ளைங்க என்ன செஞ்சாங்க?” என்று கேட்டது நேற்று முன்தினம் ஜன்னலோரம் போய் உட்கார்ந்த அதே பத்தாம் வகுப்புப் பெண்.

இன்னொன்று செய்தார்கள். ஆசாதிசாட்-2. 2023 பிப்ரவரி 10 அன்று போய்ச் சேர்ந்தது. “அதுல சேர எந்த வகுப்பு படிக்கணும்?” என்றாள் உடனே. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விசாரிப்பேன்.

திருச்செந்தூர், திருநெல்வேலி, தென்காசி. ஆலங்குளம் அருகே டயர் பஞ்சர். டிரைவர் அண்ணனும் பிளஸ் ஒன் பையன்களும் சேர்ந்து மாற்றினார்கள். போல்ட்டை இறுக்கிவிட்டு, இன்னொருவனைக் கூப்பிட்டு, “நீ ஒரு தடவ செக் பண்ணு” என்று ஒருவன் சொன்னதைக் கேட்டேன்.

ஊர் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. தாய்மார்கள் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். பிள்ளைக்கு ஆன செலவு வேன் வாடகையோடு சேர்த்து 2,100 ரூபாய். அதில் பாதியை ஊரின் பழைய மாணவர்கள் கொடுத்தார்கள். அப்பா இல்லாத அந்தப் பையனின் அம்மா பீடி சுற்றுகிறவர். மகன் அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் வந்து, “டீச்சர், அந்த ராக்கெட்டுக்குத் திருகு போடுற படிப்பு எங்க இருக்கு?” என்று கேட்டார். திருநெல்வேலி பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, ஆனால் இவன் பிளஸ் டூ முடிக்கட்டும், அதற்குப் பிறகு டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டே சேரலாம், இரண்டையும் வைத்துப் பேசுவோம் என்றேன். “அப்போ திங்கக்கிழம ஸ்கூலுக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டு மகனின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.